பிரேக்கை விடாதவள்

பிப்ரவரி 8, ஞாயிறு. சேலம்.

ரயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக சைக்கிள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதுவும் உடையவில்லை. அப்புறம் லாட்ஜ் குளியலறையில் ஜெர்சிகளைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டேன். இப்போது இதை எழுதுகிறேன். பந்தய நாட்களில் தினமும் நாலு வரி எழுதினால் மனசு அடங்கும் என்று எங்கள் அணியின் பிசியோதெரபி அம்மா சொல்லியிருக்கிறார். என் மனசு அடங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும் அல்லவா.

ஐந்து கட்டப் பந்தயம். அதில் நான்கு மலை: ஏற்காடு, கோத்தகிரி, கல்லட்டி, கடைசியாக வால்பாறை. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டி, மொத்தத்தில் குறைவாக வருகிறவளுக்கு மஞ்சள் சட்டை. கடைசி நாள் அந்தச் சட்டை யார் மேல் இருக்கிறதோ அவளுக்கு இந்திய அணி முகாமில் இடம். எங்கள் அணியில் அந்தச் சட்டை துளசிமணிக்குத்தான். வயது இருபத்திரண்டு, ஏற்காட்டுப் பிள்ளை, எடை ஒரு மூட்டை உப்பை விடக் குறைவு. மலையைப் பார்த்தால் அவளுக்கு ஊருக்குப் போகிற குஷி வந்துவிடும்.

மற்ற நாலு பேரும் அவளுக்கு வேலைக்காரிகள். இதை என் அம்மாவுக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை. "அஞ்சு பேரு ஓட்டுதீங்க, ஒருத்தி ஜெயிக்கா, மத்த நாலு பேரும் எதுக்குட்டி மூச்சு வாங்குதீங்க?" என்பாள். காற்றை உடைக்கத்தான் என்று எத்தனை தரம் சொல்லிவிட்டேன். முன்னால் போகிறவள் காற்றை வாங்கிக்கொண்டால் அவள் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருகிறவளுக்கு உழைப்பு மிச்சம். தூத்துக்குடி உப்பளக் காற்றில் ஓட்டிப் பழகியவள் நான். காற்றை உடைப்பதில் இந்தப் பந்தயத்தில் எனக்கு ஜோடி கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

சாயங்காலம் கோச் செங்கோட்டுவேல் அண்ணன் வேலை பிரித்தார். "ரொசாரி, மலை ஏறுறப்ப நீ முன்னாடி. ஒரே சீரா மிதிக்கோணும். அந்த வேகத்துல பின்னாடி ஒருத்திக்கும் தாண்டிப் போறதுக்கு மூச்சு இருக்கப்படாது. பாதி மலை தாண்டினா நீ கழண்டுக்கலாம். அப்பறம் துளசி பாத்துக்குவா."

"இறக்கத்துலண்ணே?" என்று கேட்டேன்.

"இறக்கத்துல என்னம்மணி இருக்குது? உருண்டு வர வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போன வருஷம் கொல்லிமலை இறக்கத்தில் நான் விழுந்து காறை எலும்பு முறிந்தது. உள்ளே உலோகத் தகடு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்தால் லேசாக வலிக்கும், வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 9, திங்கள். ஏற்காடு.

அடிவாரத்திலிருந்து நான் இழுத்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை இருக்கிறது, மொத்தம் இருபது. எட்டாவதில் என் கால் போய்விட்டது. ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன். துளசி கடைசி மூன்று வளைவில் எழுந்து நின்று மிதித்து ஒருத்தியும் ஒட்ட முடியாமல் போய்விட்டாள். மஞ்சள் சட்டை முதல் நாளே எங்களுக்கு. இரண்டாவதாக வந்தவள் மணிப்பூர்க்காரி லின்தோய், பச்சைச் சட்டை அணியின் தலைவி. ஏற்றத்தில் துளசிக்கு ஒரு படி கீழே. இறக்கத்தில் அவளுக்கு மேலே யாருமில்லை.

மத்தியானம் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். "எட்டாவது வளைவுல கால் போனவங்க மாதிரி தெரியலீங்களேக்கா" என்று துளசி கிண்டலடித்தாள். கால் போனால் வயிறும் போக வேண்டுமா என்ன?

மற்றவர்கள் சைக்கிளிலேயே மலை இறங்கிச் சேலம் போனார்கள். நான் குளிருக்குப் பயந்து வேனில் வந்தேன். மெக்கானிக் மணவாளன்தான் ஓட்டினார். "வெயிலு நல்லாக் காயுதேங்க்கா" என்றார். அவருக்கு அதிகம் பேச்சு வராது. வந்த ஒரு பேச்சும் இது.

பிப்ரவரி 10, செவ்வாய். மேட்டுப்பாளையம்.

சமவெளி. நாள் முழுக்க எதிர்க்காற்று. நாள் முழுக்க நான்தான் முன்னால். சொர்க்கம்.

பிப்ரவரி 11, புதன். ஊட்டி.

கோத்தகிரி ஏற்றத்தில் பாதி வரை இழுத்துவிட்டுக் கழன்றேன். மேலே போனபின் சின்னச் சின்ன இறக்கங்கள் வந்தன. தனியாகத்தான் ஓட்டினேன், பார்க்க ஆளில்லை. துளசி லீடைக் கூட்டிவிட்டாள்.

சாயங்காலம் மணவாளன் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்துக்கொண்டு கூப்பிட்டார். "அக்கா, மூணு நாள்ல ரெண்டாவது செட்டு பிரேக் கட்டை. மத்தவங்களுக்கு முதல் செட்டே பாதி தேயல."

"ரோட்டுல மண்ணு" என்றேன்.

"கோத்தகிரி ரோட்டுல ஏதுங்க மண்ணு?"

"உங்க வேலை மாத்துறதுதான? மாத்துங்க" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மாற்றினார். பாவம், நல்ல மனுஷர். பிறகு ஒரு பாக்கெட் ஊட்டி வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாளைக்குக் கல்லட்டி. முப்பத்தாறு வளைவு, எல்லாமே இறக்கம். ஏறி முடித்துக் கழன்றுகொள்ள மலையே கிடையாது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் என்ன இருக்கிறது, இரண்டு வாழைப்பழமும் ஒரு ஜெபமாலையும்தான்.

பிப்ரவரி 12, வியாழன். கல்லட்டி இறக்கத்தின் அடிவாரம். பந்தயம் முடிந்தபின்.

பிரேக் பிடித்த விரல்கள் இன்னும் நிமிரவில்லை, அதனால் எழுத்து கோணல். குளிரினால் அல்ல.

இறக்கம் தொடங்கும் இடத்தில் என் செயின் கழன்றது. இறங்கி மாட்டினேன். அதற்குள் கூட்டம் போய்விட்டது. நான் தனியாக இறங்கினேன். அந்தச் சாலை சாலையே இல்லை, சுவரில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தபடி வந்தேன். விரல் மரத்துப்போனது. கட்டை கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது.

காதில் ரேடியோ உண்டு. காரில் வருகிற கோச் பேசினாலும், எங்களில் ஒருத்தி பேசினாலும், ஐந்து பேருக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். சுமார் இருபதாவது வளைவுக்கு வரும்போது அவர் குரல் கேட்டது. "வுடாத கண்ணு! வுடாத, வுடாத!"

சத்தியமாக எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். பிரேக்கை விடாதே என்கிறார். யாரோ ஒருவர் அனுமதி கொடுத்துவிட்ட மாதிரி இருந்தது. இன்னும் இறுக்கினேன்.

இரண்டு வளைவு கீழே மஞ்சள் சட்டை தெரிந்தது. துளசி பாறையோரம் கிடந்தாள். சைக்கிள் ஒருபக்கம், அவள் ஒருபக்கம். சாலையில் எங்கோ ஒரு லாரி சிந்திய டீசல் பளபளத்தது. அதன் எதிர்ப்பக்கம் தடுப்புச்சுவர் கிடையாது. அந்தப் பக்கம் சறுக்கியிருந்தால் இன்றைக்கு நான் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. அவளுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை தோல் உரிந்து சதை வெளுப்பாகத் தெரிந்தது. நான் போய் நிற்பதற்குள் அவளே எழுந்து, "சைக்கிள் நல்லா இருக்குதாக்கா?" என்று கேட்டாள். ஏறி ஓட்டி முடித்தும் விட்டாள். மஞ்சள் சட்டை இன்னும் அவளிடம்தான், ஆனால் லீடு இருபது விநாடியாகச் சுருங்கிவிட்டது.

கட்டுப்போடும்போது அவள் கோச்சைக் கேட்டாள். "நீங்கதானேங்ணா வுடாதன்னு சொன்னீங்க? லின்தோய வுடாதன்னுதானே நான் வேகமாப் போனேன்?"

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "பிரேக்கை வுடாதன்னேன் கண்ணு. டீசல் கொட்டிக் கெடக்குதுன்னு இப்பத்தான் சொன்னாங்க, அதுக்குத்தான் கத்துனேன்."

இத்தனை வருஷமாக மலையில் ஆள் வைத்து ஓட்டுகிறோம். ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் துரத்து, இன்னொரு பக்கம் பிரேக்கைப் பிடி. அவர் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "ரொசாரி, உனக்கு எப்பிடிக் கேட்டுது?"

"பிரேக்குன்னுதான்ணே கேட்டுச்சு."

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றால், அரண்டவள் காதுக்கு என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போல. நான் பஞ்சை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. பொள்ளாச்சி. ஓய்வு நாள்.

ஓய்வு என்று பெயர். துணி துவைத்தேன், தண்ணீர் பாட்டில்களைக் கழுவினேன். துளசியின் காயத்துக்குக் கட்டு மாற்றிவிட்டேன். அவள் வலிக்கு முனகவில்லை. வேறொன்று செய்தாள். மத்தியானம் கால் இளக சைக்கிளில் சும்மா ஒரு சுற்று போனோம். பாலத்தில் ஒரு சின்ன இறக்கம், குழந்தைகூட ஓட்டும். அதில் அவள் பிரேக்கைப் பிடித்தாள். என் காதுக்குத் தப்பவில்லை. அந்தச் சத்தத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்?

"என்னட்டி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க்கா. கண்ணு முன்னாடி அந்தப் பாறை வந்துட்டுப் போச்சு." பிறகு சொன்னாள், "அண்ணாகிட்ட சொல்லீராதீங்க."

சொல்லவில்லை. ஆனால் கோச்சுக்குக் கண் இருக்கிறது. சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நாளைய கணக்கைச் சொன்னார். நல்ல கணக்குத்தான். பொள்ளாச்சியில் கிளம்பியதுமே நான் மற்ற அணிக்காரிகள் நாலைந்து பேரோடு சேர்ந்து கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு முன்னால் ஓட வேண்டும். என்னை யாரும் துரத்த மாட்டார்கள், மொத்த நேரத்தில் நான் எங்கோ பின்னால் கிடக்கிறேன். ஐந்தாறு நிமிஷ முன்னிலையோடு மலையின் நாற்பது வளைவையும் ஏறிவிட்டால், வால்பாறை போய்ச் சேரும்போது துளசி பின்னாலிருந்து வந்து என்னைப் பிடிப்பாள். அவளுக்கு மேலே ஒரு துணை தயாராக நிற்கும். லின்தோயும் அவள் ஆட்களும் பின்னால் இருப்பார்கள். அப்புறம் அதே நாற்பது வளைவில் இரண்டு பேரும் இறங்கி, அடிவாரத்து ஆழியாறிலிருந்து பொள்ளாச்சி வரை கணவாய்க் காற்றில் நான் அவளை மறைத்துக் கூட்டிவர வேண்டும்.

"எறக்கத்துல லின்தோய் அரை நிமிசம் புடிப்பா. புடிச்சுட்டுப் போகட்டும். காத்துல நீ அதைத் திருப்பி வாங்கிருவ" என்றார்.

"இறக்கத்துக்கு வேற ஆள் வைக்கலாமேண்ணே. என்னைவிட வேகமா இறங்குறவங்க நம்ம டீம்லயே இருக்காங்க."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். "வேகமாப் போறவ வேண்டாம் ரொசாரி. அந்தப் புள்ள பயந்து போயிருக்குது. பயந்தவளக் கூட்டியாரப் பயந்தவதான் லாயக்கு. மணவாளன் சொன்னான், உன்ற பிரேக் கட்டை பத்தி."

நான் சரி என்றேன். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உண்மையைத்தானே சொன்னார். பதினோரு வருஷம் ஓட்டியிருக்கிறேன், எத்தனையோ பேருக்குக் காற்றை வாங்கியிருக்கிறேன், கடைசியில் நம்மை ஒருவர் தேர்ந்தெடுக்கக் காரணம் இது. கோபம் இல்லை. மணவாளனுக்கு வர்க்கி வாங்கிக் கொடுத்ததுதான் தண்டம்.

பிப்ரவரி 14, சனி. காலை.

இட்லி இறங்கவில்லை. விரலெல்லாம் சில்லென்று இருக்கிறது. பயம் என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி. சாயங்காலம்.

எல்லாம் முடிந்துவிட்டது. வரிசையாக எழுத முயற்சி செய்கிறேன்.

கோச் போட்ட கணக்குப்படியே நடந்தது. ஆறு பேர் பிய்த்துக்கொண்டு ஓடினோம், யாரும் துரத்தவில்லை. நாற்பது வளைவும் என் வேகத்தில் ஏறினேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துளசி பின்னாலிருந்து வந்தாள். காயத்தோடு, தனியாக, லின்தோயை ஒரு முழு நிமிஷம் பின்னால் விட்டுவிட்டு. அந்த ஏற்றத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கையில் இருந்த இருபது விநாடியும் இதுவும் சேர்ந்தால் போதும் போதும் என்கிற அளவு. எங்கள் கார் மட்டும் கூட வர முடியவில்லை. இடைவெளி சின்னதாக இருந்ததால் கடைசி ஆள் இறங்கி முடிக்கிற வரை கார்களையெல்லாம் உச்சியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இறக்கம் தொடங்குகிற இடத்தில் துளசி சொன்னாள், "நீங்க முன்னாடி போங்க்கா. நான் உங்க பின்சக்கரத்த மட்டும் பாத்துட்டு வாறேன். ரோட்டப் பாக்க மாட்டேன்."

இத்தனை நாள் என் பயம் எனக்கு மட்டும்தான். விழுந்தால் நான் விழுவேன். இப்போது நான் விழுந்தால் பின்னால் வருகிறவள் என் மேல் வந்து விழுவாள்.

பலகைகள் நாற்பதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்தன. முப்பத்தெட்டில் சாலையோரம் குரங்குக் கூட்டம். முப்பத்தொன்றில் ஈரம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் "பிடி" என்று கத்தினேன், தாண்டியதும் "சரி" என்று கத்தினேன். பின்னால் அவளும் சொன்னாள். இரண்டு பேரின் பிரேக்கும் ஒரே மாதிரி கிறீச்சிட்டன. இருபது வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தேன்.

அப்போது ரேடியோவில் கோச் வந்தார். "லின்தோய் நெருங்கி வாறா. பரவால்ல. ரொசாரி, நீ உன்ற பயத்துலயே வா அம்மணி. அதுதான் நமக்கு வேணும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஐந்து பேர் காதிலும் அது கேட்டது.

விரல் எப்போது தளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டேன், அடுத்ததில் தொடவில்லை. சைக்கிள் தானாகவே சாய்ந்தது, தானாகவே நிமிர்ந்தது. முழங்கால் தரையை உரசுகிற மாதிரி வந்து விலகியது. காற்று காதில் அடைத்து வேறு எதுவும் கேட்கவில்லை. கொல்லிமலைக்குப் பிறகு இப்படி ஓட்டியதில்லை. கொல்லிமலைக்கு முன்னாலும் ஓட்டியதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நடுநடுவே திரும்பிப் பார்த்தேன் என்றும் நினைக்கிறேன்.

ஒன்பதாவது வளைவில் மலை திறந்துகொள்கிறது. கீழே அணைத் தண்ணீர், மேலே நாம் வந்த சாலை முழுக்கத் தெரியும். மேலே பார்த்தேன். சாலை காலியாக இருந்தது.

பிரேக்கை அமுக்கி நின்றேன். பந்தயப் பாதையில் திரும்பி மேலே ஓட்டினால் வெளியேற்றிவிடுவார்கள். காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். "துளசி" என்று ரேடியோவில் கூப்பிட்டேன். பதில் இல்லை. "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கோச்தான் கத்தினார். தடுப்புச்சுவர் எந்தெந்த வளைவில் இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் நான் எதையும் பார்க்காமல் வந்திருக்கிறேன். மாதாவே, அவளைக் கொண்டுவந்து சேர்த்துவிடு, நான் இனிமேல் சைக்கிளைத் தொட மாட்டேன் என்று சொன்னேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

சக்கரச் சத்தம் கேட்டது. வந்தது லின்தோய். என்னைக் கடக்கும்போது கையை மேலே காட்டி ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. அவள் போன பிறகுதான் உண்மையான பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. முன்பு எனக்கு இருந்தது அதற்குப் பக்கத்தில்கூட வராது.

ரொம்ப நேரம் கழித்து மஞ்சள் சட்டை வளைவில் தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, நடக்கிற வேகத்தில் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போலாங்க்கா" என்றாள், அவ்வளவுதான். ரேடியோவில் கோச் கேட்டதற்கு, "செயின் கழண்டுருச்சுங்ணா" என்றாள்.

ஆழியாறிலிருந்து பொள்ளாச்சி வரை என் உயிரைக் கொடுத்து ஓட்டினேன். பக்கவாட்டில் அடித்த காற்று முழுவதையும் என் தோளில் வாங்கினேன். தகடு வைத்த தோள் அது. கோட்டைத் தாண்டும்போது எனக்குக் கண் இருட்டியது. மொத்தக் கணக்கில் முக்கால் நிமிஷத்தில் தோற்றோம். மஞ்சள் சட்டை லின்தோய்க்குப் போய்விட்டது. முகாமும் அவளுக்கே.

கோச் என் முதுகில் தட்டினார். "செயினு கழண்டா நீ என்ன செய்வ. ஆனா என்னமா எறங்குன நீ! ரோட்டோரம் நின்னவங்க சொல்லுறாங்க, லின்தோயே அப்பிடி எறங்கலையாம். அடுத்த வருசம் எறக்கம் பூராவும் உனக்குத்தான்." மணவாளன் என் பிரேக் கட்டையைப் பார்த்தார், இந்தத் தடவை மாற்றத் தேவையிருக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு. கோயம்புத்தூர் போகும் வேனில்.

மற்றவர்கள் தூங்குகிறார்கள். துளசி என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் கட்டு மாற்றும்போது சாதாரணமாகத்தான் பேசினாள். கிணத்துக்கடவு தாண்டும்போது, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அக்கா, எறங்கறப்ப திரும்பிப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டேதானட்டி வந்தேன்."

"கடைசியா எந்த வளைவுல பாத்தீங்க?"

"பன்னெண்டுல" என்றேன். வாய்க்கு வந்த நம்பர். "பின்னாடிதான் வந்துட்டிருந்தே. அப்புறம்தான் காணல."

அவள் காலில் இருந்த கட்டின் ஓரத்தைச் சரிசெய்தாள். பிறகு, யாரும் எழுந்துவிடாதபடி மெல்லச் சொன்னாள்.

"நான் பதினாறுலயே சைக்கிள வுட்டு எறங்கிட்டேங்க்கா. ஓட்ட முடியல. ஒரு வளைவு தூரம் உருட்டிட்டு நடந்துட்டுத்தான் மறுபடி ஏறினேன். ரேடியோவுல கூப்புட்டா எல்லாருக்கும் கேட்டுரும்னு வெக்கமா இருந்துச்சு. அதனால வாயாலதான் கூப்புட்டேன், உங்கள."

எத்தனை தடவை கூப்பிட்டாள் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.